தாத்தா வெட்டிய காட்டின் மிச்சம்

என் அம்மாவின் அப்பா பத்து வயதில் வால்பாறை மலை ஏறியவர். கங்காணி ஒருவர் ஆள் சேர்க்க வந்தபோது, தன் அப்பா அம்மாவோடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர். தேயிலை பறிக்க வந்தோம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "காடு வெட்ட வந்தோம்" என்றுதான் சொல்வார். ஒரு மரத்தைச் சாய்க்க நாலு பேருக்கு மூன்று நாள் ஆகுமாம். சாயும்போது கொடிகளால் பின்னிக் கிடக்கும் பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுமாம்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் நம்பியதில்லை. ஒருமுறை சாய்த்த பெரிய மரத்தின் பொந்துக்குள் ஒரு பெரிய பறவை இருந்ததாம். அதற்குச் சிறகே இல்லையாம். பறக்க முடியாத பறவை அத்தனை உயரத்துப் பொந்துக்குள் எப்படிப் போயிருக்கும்? பேரப்பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்காகக் கட்டிய கதை என்றே நினைத்திருந்தேன்.

இந்த மார்ச் மாதம் மகளோடு ஒரு நாள் வால்பாறைக்குப் போய் வந்தேன். விலங்கியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டாள்: "அப்பா, இன்னைக்கு எதையும் தேடி ஓட வேண்டாம். நாலு இடத்துல உட்கார்ந்தா போதும். காட்டுல இருக்கறதெல்லாம் நம்மள முதல்லயே பார்த்துடும். அதுங்க மறுபடி அதுங்க வேலையைப் பார்க்க ஆரம்பிக்கற வரைக்கும் நாம பேசாம இருக்கணும்."

காலை 6 மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினோம். அங்கிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்றால் கீழே ஆழியாறு அணை விரிந்து கிடக்கும். அந்தப் பாறைச் சரிவில் வரையாடுகள் நான்கு நின்றன. வரையாடு மழைக்காட்டு விலங்கு இல்லை, பாறையும் புல்லும்தான் அதற்கு வீடு. பார்த்துவிட்டு மேலே போய்விட்டோம்.

இந்தப் பாதையில் எனக்குப் பிடித்தது, மேலே ஏற ஏற மரங்கள் மாறுவதுதான். அடிவாரத்தில் இலை உதிர்ந்து வெயிலில் காய்ந்து நின்ற காடு, அட்டகட்டியை நெருங்கும்போது கரும்பச்சையாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை மலையின் மேல்பகுதி வாங்கிக்கொள்கிறது. கிழக்கே ஆழியாறு பக்கம் மலை மறைத்துவிடுவதால் மழை குறைவு. வால்பாறைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் வறண்ட காட்டிலிருந்து மழைக்காட்டுக்கு வந்துவிடுகிறோம்.

பிறகு வளைவுகள் முடிந்து பீடபூமி விரிகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தாவின் கை நினைவுக்கு வரும். 1890களில் தொடங்கி, ஏறத்தாழ 50 ஆண்டுகளில் இங்கிருந்த மழைக்காட்டின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. இன்று ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலையும் காப்பியும் யூகலிப்டஸும். அவற்றுக்கு நடுவே, வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் நாற்பது வரை இருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும். நடுவில் உள்ள துண்டுகள் தீவுகள் மாதிரி.

அப்படியொரு தீவுதான் புதுத்தோட்டம். வால்பாறைக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டியே இருக்கிறது. 100 ஹெக்டேர்கூட இல்லாத காடு. ஆனால் உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், இங்கே கூட்டம் கூட்டமாக இருக்கின்றன.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. சீகாரப் பூங்குருவி மட்டும் எங்கோ ஓடைப் பக்கம் சீட்டியடித்தது. வேலை எதுவும் இல்லாத பையன் ஒருவன் மறந்துபோன பாட்டை நினைவுபடுத்திப் பார்ப்பது போன்ற சீட்டி. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே தலைக்கு மேல் கிளைகள் அசைந்தன.

முதலில் வந்தது ஒரு பெண் மந்தி, வயிற்றில் குட்டி தொங்க. பின்னாலேயே ஏழெட்டு. கருப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளியை இழைத்த மாதிரி பிடரி மயிர். சிங்கவால் குரங்கு என்ற பெயர் அந்தப் பிடரியால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வாலின் நுனியைப் பாருங்கள், சிங்கத்தின் வாலில் இருப்பது போலவே ஒரு குஞ்சம் இருக்கும். பெயர் அதனால் வந்தது. ஒரு இளம் மந்தி காய்ந்த இலைச் சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நிதானம். சரி, இதில் இல்லை, அடுத்தது. இதிலும் இல்லை, அடுத்தது. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோலைமந்தி மரத்திலேயே வாழப் பிறந்த விலங்கு. தொடர்ச்சியான காட்டில் அது தரைக்கு வருவது அபூர்வம். இங்கே மரங்களுக்கு நடுவே சாலை போகிறது. கிளைக்குக் கிளை எட்டாத இடங்களில் அவை இறங்கித்தான் கடக்க வேண்டும், வண்டிகளில் அடிபட்டும் சாகின்றன. ஒரு தாய்க்கு ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதை நினைத்தால், சாலையில் சாகும் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அதனால் சாலைக்கு மேலே, இரண்டு பக்கத்து மரங்களையும் இணைத்துத் தீயணைப்புக் குழாய்களால் பாலம் கட்டியிருக்கிறார்கள். தட்டையான அந்தக் கான்வாஸ் குழாய்கள் அவற்றின் கைக்குப் பிடிபடுகின்றன. எங்கள் கண்ணெதிரே அந்தத் தாய் குட்டியோடு பாலத்தில் ஏறி, நடுவில் ஒரு நொடி நின்று, கீழே போன பேருந்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது. நான் மூச்சை விட்டது அதற்கப்புறம்தான்.

ஆனால் பின்னால் வந்த கூட்டம் பாலத்துக்குப் போகவில்லை. சற்றுத் தள்ளி நின்ற காரிலிருந்து பிஸ்கட் நீட்டினார்கள். மூன்று மந்திகள் சாலையில் இறங்கிவிட்டன. மந்திகளுக்காகவே அங்கே நிற்கும் காவலர் ஓடி வந்து வண்டிகளை நிறுத்தி, கார்க்காரரிடம் பொறுமையாகச் சொன்னார்: "சார், நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க. இது நாளைக்கும் இதே இடத்துல வந்து நிக்கும். நாளைக்கு வர்ற வண்டி நிக்காது." அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. தயவுசெய்து யாரும் அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள். அன்பினால்கூட வேண்டாம்.

அடுத்து, முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்த ஒரு காட்டுத் துண்டு. கூட வந்த அண்ணன் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பல வருடங்களாக மரக்கன்று வளர்க்கும் வேலையில் இருக்கிறார். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். ஷங்கர் ராமன் இருவரும் 2000களின் தொடக்கத்திலிருந்து, எஸ்டேட்டுகளோடு பேசி, சிதைந்துபோன இந்தத் துண்டுகளில் மழைக்காட்டு மரங்களைத் திரும்ப நட்டு வருகிறார்கள். விதைகளைக் காட்டுக்குள்ளிருந்து எடுப்பதில்லை. சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடிப் புதரை அகற்றிய இடத்தில் நடுகிறார்கள்.

தேயிலைக்குள்ளிருந்து காட்டுக்குள் நுழைந்த இடம் ஒரு வாசல் போலவே இருந்தது. பத்தடி உள்ளே போனதும் வெயில் காணாமல் போய்விட்டது. காட்டின் தரைக்கு வந்து சேருவது வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்று படித்திருக்கிறேன். உள்ளே நின்றபோது அது தோலில் தெரிந்தது. கை ரோமத்தில் ஈரம். ஈர மண்ணும் மக்கிய இலையும் கலந்த வாசம். காலடியில் சருகு மெத்தை. அதைக் காலால் லேசாக விலக்கினால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல்கள். இத்தனை பெரிய காட்டுக்குக் கீழே மண் வளம் ஆழமாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மழை சத்தை அரித்துக்கொண்டே இருப்பதால், விழுகிற இலை மக்க மக்க வேர்கள் மேலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் வேர்கள் ஆழத்துக்குப் போவதைவிட மேலாகவே பரவுகின்றன. அவ்வளவு உயர மரத்தைத் தாங்க அடியில் பலகை பலகையாக வேர்கள் எழும்பி நிற்கின்றன. ஒரு பலகை வேர் என் தோள் உயரம் இருந்தது. தாத்தா ஆட்கள் அந்த வேர்களுக்கு மேலே சாரம் கட்டி நின்றுதான் வெட்டினார்களாம். எதற்குச் சாரம் என்று இத்தனை வருடம் கழித்து அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

"இது வெடிப்பலா" என்று அண்ணன் ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். நாங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தது அதன் கீழேதான். வெடிப்பலா பூக்கும் காலம். பூக்கள் கிளை நுனியில் வருவதில்லை. தடித்த கிளைகளின் மேலேயே கொத்துக் கொத்தாகப் பழுப்பு மஞ்சளில் பூத்திருந்தன. இதழே கிடையாது, சதைப்பற்றான குழல்கள் மட்டும். கீழே உதிர்ந்ததை எடுத்துப் பார்த்தேன், விரலில் பிசுபிசுத்தது. வேறு பழம் அதிகமில்லாத இந்த மாதங்களில் இந்தப் பூதான் பல உயிர்களுக்குச் சாப்பாடு. மேலே பைனாகுலரை வைத்ததும் ஒரு மலையணில். வாலோடு சேர்த்தால் மூன்றடி இருக்கும். மேலே செம்பழுப்பும் கருப்பும், வயிறு வெண்மஞ்சள். பின்னங்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பூவை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது. அது போனதும் நீலகிரி லங்கூர் எனப்படும் கருமந்திகள் இரண்டு வந்தன. இரவானால் வௌவாலும் மரநாயும் வருமாம். அண்ணன் சொன்னார்: "ஒரு மரம்தான். ஆனா இருபத்துநாலு மணி நேரமும் பந்தி நடக்குது." சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. மகரந்தமும் மூஞ்சியில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. முள்ளு முள்ளாக இருக்கும் இதன் காய், சோலைமந்திக்குப் பிரியமான உணவு. மரம், டுரியன் பழ மரத்துக்கு உறவு.

அட்டை ஒன்று கணுக்காலில் ஏறி, தெரியாமலே குடித்துவிட்டு உதிர்ந்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க அது செலுத்தும் பொருளால் வெகுநேரம் கசிந்துகொண்டே இருந்தது, வலி இல்லை.

மதியம் ஒரு மழை. பத்து நிமிடம்தான். விட்டதும் சுற்றிலும் டிக் டிக் டிக் என்று கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டியால் தட்டுவது போன்ற சத்தம். மகள் முட்டி போட்டு அரை மணி நேரம் தேடி, ஒரு இலையின் மேல் புதர்த் தவளை ஒன்றைக் கண்டுபிடித்தாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இந்தத் தவளைகளுக்குக் குளம் வேண்டாம். இலையிலோ ஈரமான இடுக்கிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். அதற்கு ஒரே நிபந்தனை, காற்றில் ஈரம் குறையக் கூடாது. நிழல் தரும் மரத்தை வெட்டிவிட்டால் அந்த ஈரம் போய்விடும். முட்டை காய்ந்துவிடும். யானை, புலி பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அன்று நான் அதிகம் கவலைப்பட்டது அந்தத் தவளைக்காகத்தான்.

இரண்டரை மணிக்கு அண்ணன் எங்களை ஒரு சரிவுக்குக் கூட்டிப்போய், எதிர்ச் சரிவில் நின்ற முதிர்ந்த மரம் ஒன்றைக் காட்டினார். அறுபது எழுபது மீட்டர் தள்ளி. "இதுக்கு மேல கிட்டப் போகக் கூடாது. போனா ஆண் பறவை வராது. உள்ள இருக்கறது பட்டினி கிடக்கும்."

பெரிய இருவாச்சிப் பறவையின் கூடு. மரத்தில் உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயைச் சேறு போன்ற ஏதோ ஒன்றால் பூசி அடைத்து, நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. தானாகப் பொந்து விழுந்த பழைய பெரிய மரம்தான் வேண்டும். பெண் உள்ளே போய், தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கிறது. அந்த நாட்களில் தாய்க்கும் பிறகு குஞ்சுக்கும் உணவு கொண்டுவருவது ஆண்.

காத்திருந்தோம். மகள் மொபைலில் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். முதலில் கேட்டது சத்தம்தான். புஸ்ஸ், புஸ்ஸ், புஸ்ஸ் என்று நீராவி ரயில் மலையேறுவது போல. காது அதைப் பறவை என்று நம்பாது. அப்புறம் மரக்கூட்டத்துக்கு மேலே அது வந்தது. விரித்த இறக்கை ஐந்தடி இருக்கும். கருப்பில் வெள்ளைப் பட்டை. கழுத்தும் அலகும் மஞ்சள். அந்த மஞ்சள் பூசிக்கொண்டது. வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெயை எடுத்துத் தடவிக்கொள்கிறது. மரத்தில் தொற்றி நின்று, தொண்டைக்குள்ளிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, அலகு நுனியில் பிடித்து, கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து ஒரு அலகு நுனி தெரிந்து மறையும். இருபத்து மூன்று பழங்கள் எண்ணினேன்.

அது பறந்து போன பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்: "உள்ள இருக்கற பொண்ணுக்கு இப்போ பறக்கற சிறகே இருக்காதுப்பா. கூட்டுக்குள்ள போனதும் இறக்கை, வால் எல்லாம் உதிர்ந்துடும். வெளியே வர்றதுக்குள்ள புதுசா முளைச்சுடும்."

நான் அவளையே பார்த்தேன். தாத்தாவின் கதையை அவளுக்கு நான் சொன்னதே இல்லை. அங்கேயே, அந்தச் சரிவில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "காடு எந்த மாசத்துல வெட்டுவாங்க?" என்று கேட்டாள். மழை இல்லாத மாதங்களில். வெட்டியதை எரிக்கக் காய்ந்திருக்க வேண்டுமே. தை, மாசி, பங்குனி. "அதுதான் இது கூட்டுக்குள்ள இருக்கற மாசம்" என்றாள்.

திரும்பும் வழியில் ஐந்து மணிக்கு எஸ்டேட் பாதை ஒன்றில் நிற்க வேண்டியிருந்தது. மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அதே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும் கொண்டுவந்த ஏற்பாடு. யானையைப் பார்த்தவர் மொபைலிலிருந்து அழைத்தாலே விளக்கு எரியும். எஸ்எம்எஸ் போகும், உள்ளூர் கேபிள் டிவியிலும் எழுத்து ஓடும். இதற்காக அவருக்கு 2015-இல், காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. வேலை முடிந்து இருட்டில் நடந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த விளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில் வாழ்ந்த குடும்பத்துக்குத் தெரியும். தேயிலைச் சரிவில் ஐந்து யானைகள், நடுவில் ஒரு குட்டி, ஆற்றோரக் காட்டை நோக்கி மெல்ல இறங்கின. பறிக்கிற பெண்கள் சிலர் மேட்டில் கூடைகளோடு நின்று, அவை போகட்டும் என்று காத்திருந்தார்கள். எங்களுக்கும் அவசரம் இல்லை.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். இருவாச்சியின் சத்தத்தை மகள் போனிலேயே போட்டுக் காட்டினாள். பொந்தையும் உதிரும் சிறகையும் நான் சொன்னேன். அம்மா நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் சொன்னார்:

"உங்களுக்கு அவர் பாதிதான் சொல்லியிருக்கார். அந்தப் பறவையைத் துண்டுல சுத்தி லயனுக்குத் தூக்கிட்டு வந்தாராம். ஊட்டிப் பார்த்தாராம். நாலு நாள் இருந்துச்சாம்."